மழைக்கோட்டின் நீலம்

சலூன் நாற்காலியில், கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி இறுகக் கட்டப்பட்டு, அசையவே கூடாத நிலையில் இருந்தபோதுதான் அதைக் கண்டேன். எதிரே இருந்த கண்ணாடியில் என் தலை தெரிந்தது. அதற்குப் பின்னால் சுவரும், சுவரில் நான் எடுத்து, நானே அச்சிட்டு, நானே சட்டமிட்டுக் கொடுத்த படமும் தெரிந்தன. சலூன்காரரின் தந்தை தம் கடையின் பழைய கதவுக்கு முன்னால் முக்காலியில் அமர்ந்து கத்தி தீட்டும் படம் அது. கதவு நீல நிறம். நாற்பது ஆண்டுகளில் நான்கு முறை பூசப்பட்ட நான்கு நீலங்கள், சாயம் உரிந்த இடங்களில் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரியும். அந்த நான்கையும் தாளில் பிரித்துக் காட்டுவதற்கு ஒரு வாரம் உழைத்திருந்தேன். இப்போது கதவு செங்கல் நிறத்தில் இருந்தது. பெரியவரின் முகம், ஏதோ கோபத்தில் சிவந்ததுபோல் இருந்தது.

"என்னப்பா இது?" என்றேன்.

"எது சார்?"

"பின்னாடி. படம். கதவு ஏன் இப்படி இருக்கு?"

"அசையாதீங்க சார், காது கையோட வந்துடும்." அவர் கத்தரியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "வெயில் சார். சாயங்காலமானா நேரா அது மேலதான் அடிக்குது. அப்பா உயிரோட இருந்தவரைக்கும் கருப்புதான். இப்பதான் உங்க புண்ணியத்துல சிவந்திருக்காரு."

நாற்காலியில் காத்திருந்த இருவர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்தப் படத்தின் பின்புறத்தில், பென்சிலால், என் கையெழுத்தில் ஒரு வாசகம் இருக்கிறது: 'நிறமி மையால் அச்சிடப்பட்டது. எண்பது ஆண்டுகள் நிறம் மாறாது.' கீழே கையொப்பமும் தேதியும் உண்டு. தேதி இட்டு இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன.

வாழ்நாளில் நான் எழுதிக் கையொப்பமிட்டவற்றுள் பொய்யானது எதுவும் இல்லை என்று நம்பியிருந்தவன் நான். பாதி முடி வெட்டப்படாத தலையுடன் எழுந்து போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. முழுவதும் வெட்டி முடித்த பிறகே எழுந்தேன். மறுபாதியை அவர் எப்படி வெட்டினார் என்பதை நான் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மேசையின் இழுப்பறையைத் திறந்தேன். ஒவ்வொரு படத்தையும் முழுத் தாளில் அச்சிடுவதற்கு முன்னர், இரண்டு விரல் அகலத்தில் துண்டு துண்டாக அச்சிட்டுப் பார்ப்பது என் வழக்கம். கணினித் திரை ஒளிரும் பொருள். தாள் ஒளிராத பொருள். திரையில் அழகாய் இருப்பது தாளில் இருண்டு போகும். ஆகவே திரையின் வெளிச்சத்தைப் பாதிக்கும் கீழே குறைத்து வைத்து, அந்தத் தாளுக்கென்றே தாள் தயாரிப்பவர்கள் தரும் நிற அளவுக் கோப்பைக் கணினியில் ஏற்றி, துண்டு அச்சிட்டு, சன்னலோரம் காலை வெளிச்சத்தில் பார்த்து, திருத்தி, மறுபடியும் துண்டு அச்சிடவேண்டும். அந்தத் துண்டுகளை நான் எறிவதில்லை. இருட்டில் கிடந்த கதவுத் துண்டில் நான்கு நீலங்களும் குறையின்றி இருந்தன.

துண்டின் மீது ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். நிறமி மை என்பது மிக நுண்ணிய தூள். பருத்தித் தாளில் ஒட்டிக்கொண்ட பிறகு தண்ணீருக்கு அசையாது. வெறும் சாய மையோ கரையும். ஒரு நிமிடம் காத்திருந்து, சொட்டைப் பஞ்சால் ஒற்றி எடுத்தேன். பஞ்சு முழுவதும் நீலம்.

என் மனைவி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, தலை ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் எறங்கி இருக்கு?"

"ஏமாத்திட்டான்" என்றேன்.

"சலூன்காரனா?"

"மைக்கடைக்காரன்."

அவள் பஞ்சையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "சரி, இப்ப எத்தனை பேருக்குக் குடுத்திருக்கீங்க அந்த மையில?"

"மூணு பேருக்கு."

மூன்றாவது யாருக்கு என்பதை அவள் கேட்கவில்லை. அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

மைக்கடை கடைத்தெருவின் கோடியில், நகலெடுக்கும் இயந்திரங்கள் இரண்டு ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும் ஒரு குறுகிய அறை. நான் துண்டையும் பஞ்சையும் புட்டியையும் எடுத்துச் சென்று, மேசைமேல் வரிசையாக வைத்தேன். புட்டியின் மேல் 'நிறமி மை' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. கடைக்காரர் எல்லாவற்றையும் பார்த்தார். தண்ணீர் விட்டுக் காட்டினேன். அதையும் பார்த்தார்.

"பாட்டில்ல என்ன எழுதியிருக்கோ, அதைத்தான் சார் நான் விக்கறேன். உள்ள எறங்கிப் பாக்க முடியுமா?"

"அப்ப அதுல எழுதியிருக்கறதுக்கு யார் பொறுப்பு?"

"எழுதினவன்தான்."

"எழுதினவன் யாரு?"

"அது எனக்கெப்படி சார் தெரியும்? எனக்கு வர்றதே அட்டைப் பெட்டியில வருது." அவர் குரலைத் தணித்துக்கொண்டு, ஏதோ எனக்கு ஆறுதல் சொல்வதுபோல் சொன்னார்: "ஊர்ல எத்தனை பேர் இதையே வாங்கறாங்க தெரியுமா? ஒருத்தன்கூட வெளுத்துப்போச்சுன்னு வந்து நின்னதில்ல. அது வெளுக்கறதுக்குள்ள அவங்களே தூக்கிப் போட்டுடறாங்க. நீங்க ஒருத்தர்தான் சார் பத்திரமா வெச்சுப் பாத்திருக்கீங்க."

இதற்கு நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். பொய்யான பெயர்ச்சீட்டு ஒன்றை ஒட்டி விற்பதற்கும், தெரியாமல் விற்றேன் என்று கை விரிப்பதற்கும் இடையே உள்ள வேறுபாடு மிகச் சிறிது என்று சொல்லியிருக்கலாம். அதற்குள் ஒருவர் அடையாள அட்டை நகலெடுக்க வந்துவிட்டார். கடைக்காரர் அவர் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் புட்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அதை அவர் மறுபடியும் விற்றிருப்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை.

மூன்று படங்களையும் மறுபடி அச்சிட்டுக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். எழுதிக் கொடுத்தவன் நான். ஆகவே ஈடு செய்யவேண்டியவனும் நானே. பிரிண்டர் செய்த நிறுவனமே விற்கும் மை வந்து சேர இரண்டு வாரம் ஆயிற்று. பழைய மையைக் குழாய்களிலிருந்து கழுவி வெளியேற்ற மேலும் இரண்டு நாள். மைத்துளைகள் எல்லாம் திறந்திருக்கின்றனவா என்று பார்க்க, மெல்லிய கோடுகளாலான ஒரு சோதனைத் தாளை அச்சிடவேண்டும். கோடு எங்கே அறுந்திருக்கிறதோ அங்கே துளை அடைத்திருக்கிறது என்று பொருள். மற்றக் கோடுகள் எல்லாம் நேராக வந்தன. நீலம் மட்டும் மூன்று இடங்களில் அறுந்து வந்தது. கழுவினேன், இரண்டு இடங்கள். மறுபடியும் கழுவினேன், ஓர் இடம். அந்த ஓரிடம் ஒரு பகலும் ஒரு காலையும் என்னைக் காக்க வைத்தது.

"பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கறப்பகூட நீங்க இவ்வளவு பாக்கல" என்றாள் மனைவி.

"மாப்பிள்ளையை அவளே பாத்துக்கிட்டா."

"அதைத்தான் சொல்றேன்."

பிரிண்டர் இருப்பது எங்கள் மகளின் பழைய அறையில். முப்பத்து நான்கு வயதாகியும் அவளை நாங்கள் பாப்பா என்றுதான் அழைக்கிறோம். விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் அவள் எனக்குக் கடிதம் எழுதுவாள். நான் அவற்றைப் பிழை திருத்தி, சிவப்பு மையில் குறித்து, அதே உறையில் என் பதிலையும் வைத்துத் திருப்பி அனுப்புவேன். அது அவளுக்கு நன்மை என்றே கருதினேன். நான்கு கடிதங்கள் அவ்வாறு போய் வந்தன. ஐந்தாவது கடிதம் வரவில்லை. அதன் பிறகு அவள் தாயிடம் தொலைபேசியில் பேசுவாள்; தாய் எனக்குச் சொல்வாள். பதினைந்து ஆண்டுகளாக எங்கள் உறவு அந்த வழியாகத்தான் நடந்துவருகிறது.

ஆகவேதான் இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் அவள் புதுவீடு புகுந்தபோது, அறிவுரை எதுவும் சொல்லாமல், ஒரு படத்தை மட்டும் கொடுத்தேன். அவளுக்கு எட்டு வயதாக இருந்தபோது பேருந்து நிறுத்தத்தில் எடுத்த படம் அது. மழை நின்று சில நிமிடங்களே ஆகியிருக்கின்றன. அவள் நீல மழைக்கோட்டு அணிந்து, ஒற்றைக்காலில் நின்று, கழற்றிய ஷூவைத் தலைகீழாகப் பிடித்து, உள்ளே புகுந்த தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருக்கிறாள். பார்வை முழுவதும் விழும் தண்ணீரின்மேல் இருக்கிறது. பின்னால் சாலை சாம்பல் நிறத்தில் நனைந்து மினுங்குகிறது. அந்தச் சாம்பலுக்கு நடுவே கோட்டின் நீலம்! மடிப்பில் ஒரு நீலம், ஈரம் பட்ட இடத்தில் ஒரு நீலம், தோள்பட்டையில் வானம் விழுந்த இடத்தில் ஒரு நீலம். நான் எடுத்த ஆயிரக்கணக்கான படங்களில் பிழையே இல்லாத படம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் அதைத்தான் காட்டுவேன். அதைக் கொடுத்தபோது அவள், "நல்லா இருக்குப்பா" என்றாள். இரண்டு சொற்கள். பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு என்னிடம் நேரே சொன்ன இரண்டு சொற்கள்.

அதன் பிறகு நாங்கள் அவள் வீட்டுக்குப் போகவில்லை. அவர்கள்தாம் இங்கே வந்து போனார்கள். அந்த மழைக்கோட்டு எந்தச் சுவரில் எந்த வெளிச்சத்தில் தொங்குகிறதோ என்று, அறுந்த நீலக் கோட்டைக் கழுவிக்கொண்டிருந்த இரண்டு நாளும் எண்ணிக்கொண்டிருந்தேன். மழைக்கோட்டு செங்கல் நிறமாகியிருக்கும். கொடுத்தது ஒன்றே ஒன்று. அதுவும் அவள் கண்ணெதிரே வெளுத்துப்போயிருக்கும். அவள் அதையும் என்னிடம் சொல்லாமல் தாயிடம் சொல்லியிருப்பாளோ?

முதலில் சலூனுக்குப் போனேன். புதிய படத்தைக் கையில் வாங்கிப் பார்த்த சலூன்காரர், பழையதையும் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும் சார்."

"ஏம்பா? அதுல ஒண்ணுமே தெரியலையே."

"எனக்குத் தெரியுதே. காலையில கடை தொறந்ததும் இவர் மூஞ்சியிலதான் முழிக்கறேன். வெளுத்தாலும் இந்த மூஞ்சிதான் எனக்குப் பழகிப்போச்சு. திடீர்னு புதுசா ஒருத்தரை மாட்டினா, யாரோ மாதிரி இருக்கும்."

நான் வாதாடினேன். அவர் கேட்கவில்லை. இறுதியில், என் மன நிறைவுக்காகப் புதியதை வாங்கி, கடையின் உட்புறம், துண்டுகள் காயப்போடும் கொடிக்கு மேலே மாட்டினார். பழையதைச் சற்று நேரம் கேட்டு வாங்கி, சட்டத்தைக் கழற்றி, பின்புறத்திலிருந்த என் வாசகத்தை அழிப்பானால் அழித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அவர் சிரித்தார்.

"இத்தனை நாளா பின்னாடி எழுதியிருந்ததே எனக்குத் தெரியாது சார்."

அடுத்தது என் தம்பி வீடு. தம்பியின் படம் அவனுடைய இருபதாம் வயதில் எடுத்தது: தேர்வுக்கு முந்திய நாள், பாடப்புத்தகத்தின்மேல் கன்னத்தை வைத்து, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருப்பான். கூடத்தில் நான் கொடுத்த சட்டம் மாட்டியிருந்தது. சட்டத்துக்குள் அவன் மகளின் நீச்சல் போட்டிச் சான்றிதழ் இருந்தது.

"வாங்கண்ணே. என்ன, திடீர்னு?"

"படம் எங்கே?"

"எந்தப் படம்?"

"சட்டம் இருக்கு. படம் எங்கேன்னு கேக்கறேன்."

அவன் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "அத்தான், அது பின்னாடிதான் இருக்கு. எடுக்கல. இந்த சர்டிபிகேட்டுக்கு அளவா சட்டம் கெடைக்கல, அதான்..."

"அளவா இருந்தது அண்ணன் கொடுத்ததுதாண்ணே" என்றான் தம்பி. "அதுவுமில்லாம, வர்றவன் போறவன் எல்லாம் எச்சில் வடிச்சுட்டுத் தூங்கறான்னு சிரிக்கறான். புள்ளைங்க முன்னாடி ஒரு மரியாதை வேண்டாமா எனக்கு?"

"எச்சில் வடியல. அது நிழல்."

"உங்களுக்கு நிழல். எனக்கு எச்சில்."

சட்டத்தை இறக்கி, பின்தட்டை நீக்கிப் பார்த்தேன். சான்றிதழுக்குப் பின்னால் என் படம் பத்திரமாக இருந்தது. அவன் சட்டையின் வெளிர்நீலக் கோடுகளில் ஒன்றுகூட மங்கவில்லை. அப்பொழுதுதான் எனக்கு அந்தக் கணக்கு விளங்கிற்று. சலூன்காரர் அன்றாடம் பார்த்தார். ஆகவே அவர் படம் அழிந்தது. தம்பி பார்க்கவே இல்லை. ஆகவே அவன் படம் நேற்று அச்சிட்டதுபோல் இருந்தது. அந்த ஏமாற்று மை, தன்னை மாட்டி வைத்தவர்கள் யார், மறைத்து வைத்தவர்கள் யார் என்று என்னிடம் வந்து சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

தம்பியோடு சண்டை போட எனக்கு மனம் வரவில்லை. புதியதை அவனிடம் கொடுத்தேன். அவன் அதைச் சுருட்டி அலமாரியின் மேல் வைத்தான். சுருட்டக்கூடாத தாள் அது.

திரும்பி வரும்போது, வாழ்க்கையில் முதன்முறையாக, நான் அச்சிட்ட ஒரு படம் நன்றாக வெளுத்திருக்க வேண்டும் என்று விரும்பினேன். மழைக்கோட்டு செங்கல் நிறமாகியிருக்கட்டும். அவள் முகம் அடையாளம் தெரியாமல் போயிருக்கட்டும்.

மகள் வீட்டுக்கு இரண்டு மணி நேர ரயில் பயணம். சொல்லாமல் போகவேண்டும் என்று மனைவியிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். மூன்றாம் மாடி. கதவைத் திறந்தது மருமகன்.

"வாங்க மாமா, வாங்க அத்தை! என்ன இது, சொல்லாம கொள்ளாம?" என்றார். வியப்பு சற்று மிகுதியாகவே இருந்தது.

கூடத்தில் நுழைந்ததும் எதிர்ச் சுவரில் படம் இருந்தது. செருப்பு அடுக்கும் அலமாரிக்கு நேர் மேலே. பால்கனியின் கண்ணாடிக் கதவு வழியாகக் காலை வெயில் முழுவதும் அந்தச் சுவர்மேல் விழுந்துகொண்டிருந்தது. இரண்டு ஆண்டுகள் அந்த வெயிலில் இருந்திருந்தால் சலூன்காரரின் கதவைவிட மோசமாகியிருக்கும். ஆனால் மழைக்கோட்டு நீலமாகவே இருந்தது. மூன்று நீலங்களும் இருந்தன. அலமாரியின் மேற்பலகையில், ஆணிக்கு நேர் கீழே, ஒரு சிட்டிகை வெள்ளைச் சுண்ணத்தூள் உதிர்ந்து கிடந்தது.

"ரெண்டு வருஷமா இங்கதான் மாமா இருக்கு" என்றார் மருமகன். யாரும் அவரைக் கேட்கவில்லை.

பாப்பா சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வந்தாள். தேநீர் கொடுத்தாள். அவள் தாயின் மூட்டுவலியைப் பற்றிக் கேட்டாள். என்னிடம், "கண்ணு எப்படி இருக்குப்பா?" என்றாள். நல்ல பெண். அலுவலகம் போய் வந்து, வீட்டையும் நடத்துகிறவள். அவளைக் குறை சொல்ல என்னிடம் எதுவும் இல்லை என்று சொல்லிக்கொண்டேன். அத்தோடு விட்டிருக்கலாம். தேநீரைக் குடித்துவிட்டு, மை மாற்றிய கதையைச் சொல்லி, புதியதைக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம்.

நான் எழுந்து, பழைய படத்தை ஆணியிலிருந்து இறக்கி, மேசைமேல் புதியதற்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டுக்கும் இடையே மயிரிழை வேறுபாடும் இல்லை. என் கண்ணுக்கே எது பழையது என்று தெரிந்துகொள்ளச் சட்டத்தைப் பார்க்கவேண்டியிருந்தது.

"பாப்பா, இங்க வா. பாரு, பழசுல கோட்டு எப்படி வெளுத்துப்போச்சு."

அவள் குனிந்தாள். ஈரக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பழையதைப் பார்த்தாள், புதியதைப் பார்த்தாள்.

"ஆமாப்பா. வெளுத்துத்தான் போயிருக்கு" என்றாள். "தினமும் பாக்கறோம் இல்ல, அதான் தெரியல."

"அடேயப்பா!" என்றார் மருமகன், அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து. "பக்கத்துல வெச்சா என்ன வித்தியாசம்! புதுசு அப்படியே பளிச்சுன்னு இருக்கு மாமா."

முப்பத்து நான்கு ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன் நான். பாடத்தைப் படிக்காமல், ஆசிரியரின் முகத்தைப் பார்த்து விடை சொல்லும் குரல் எனக்குத் தெரியும். அந்தக் குரலைக் கேட்டால் பிரம்பை எடுக்காத நாள் இல்லை. இப்போது என்ன செய்வது என்று தெரியவில்லை. கேட்ட கேள்வி நேர்மையான கேள்வி அன்று. ஆகவே பொய்யான விடைக்குக் கோபப்படும் உரிமையும் எனக்கு இல்லை. என் மனைவி இரண்டு படங்களையும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இதை நான் எடுத்துட்டுப் போறேன்" என்றேன். புதியதைச் சட்டத்தில் பொருத்தி நானே மாட்டினேன். ஆணி கையோடு வந்துவிட்டது. மருமகன் அவசரமாகச் சுத்தியலை எடுத்து நீட்டினார். தேடாமல் எடுத்தார், அது செருப்பு அலமாரியின் உள்தட்டிலேயே இருந்தது.

"நல்லா இருக்குப்பா" என்றாள் பாப்பா.

ரயிலில் கூட்டம் இல்லை. எதிரெதிரே அமர்ந்தோம். பெட்டி நகரத் தொடங்கியதும் மனைவி என் மடியிலிருந்த பொட்டலத்தை வாங்கிப் பிரித்தாள். படத்தைச் சன்னல் பக்கம் திருப்பி, நெடுநேரம் பார்த்தாள்.

"எங்க வெளுத்திருக்கு?"

"வெளுக்கல."

"பின்ன ஏன் அப்படிக் கேட்டீங்க?"

நான் வெளியே பார்த்தேன்.

"பரிட்சை வெச்சீங்களா?" என்றாள். "அவளுக்கு இன்னமுமா?"

"நீ போன் பண்ணினியா?"

"பண்ணினேன். நேத்து. 'அப்பா வர்றாரு, படத்தை எடுத்து மாட்டிடு'ன்னேன். உங்களுக்காகத்தான் பண்ணேன். அவளுக்காக இல்ல."

"எங்க வெச்சிருந்தா இத்தனை நாளா?"

"பீரோவுக்கு மேல. துணி சுத்தி. தூக்கிப் போடல, அதையும் சொல்லிடறேன்."

"ஏன்? அந்தப் படத்துல என்ன குறை?"

அவள் படத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. எனக்கு அதுதான் அச்சமாக இருந்தது.

"நெஜமாவே ஞாபகம் இல்லையா உங்களுக்கு?"

"என்ன ஞாபகம்?"

"புது ஷூ. அன்னைக்குத்தான் போட்டுட்டு வந்தா. பஸ் வர்றதுக்குள்ள தேங்கின தண்ணியில எறங்கி ஆடிட்டா. அத்தனை பேர் நிக்கறாங்க, நீங்க பளார்னு ஒண்ணு விட்டீங்க. 'கழட்டு, தண்ணியைக் கொட்டு'ன்னீங்க. அழுதுட்டே கழட்டினா. அப்புறம் என்ன தோணுச்சோ, பையிலேர்ந்து கேமராவை எடுத்தீங்க. 'அழாத, அசையாத, அப்படியே நில்லு'ன்னீங்க." அவள் படத்தின்மேல் விரலை வைத்தாள். "அப்படியே நின்னா. ஒத்தக்கால்ல."

எனக்கு அந்த அடி நினைவில் இல்லை. ஒளி நினைவில் இருக்கிறது. மேகம் விலகிய திசையும், சாலையிலிருந்து மேல்நோக்கி எழுந்த வெளிச்சமும், என் விரல் விசையை அழுத்திய நொடியும் நினைவில் இருக்கின்றன. படச்சுருளில் அது எத்தனையாவது படம் என்பதுகூட இருக்கிறது. அடித்தது மட்டும் நினைவில் இல்லை. என் மனைவி பொய் சொல்பவளும் இல்லை.

படத்தை அவளிடமிருந்து வாங்கினேன். ஒன்பது துண்டுகள் அச்சிட்டு, ஒன்பது முறையும் நான் மழைக்கோட்டைத்தான் பார்த்திருக்கிறேன். இப்போது முகத்தைப் பார்த்தேன். தாழ்ந்த இமைகள். இறுக மூடிய உதடு. தண்ணீர் விழுவதை வேடிக்கை பார்க்கும் குழந்தையின் முகம் என்று நான் எண்ணியிருந்த முகம்.

பழைய படச்சுருளைக் கணினியில் ஏற்றிய நாள் நினைவுக்கு வந்தது. இமைகளின் ஓரங்களிலும் மூக்கின் நுனியிலும், கன்னம் ஒன்றில் மட்டும் பட்டையாகவும், சிவப்பு படிந்திருந்தது. இருபத்தைந்து ஆண்டுப் பழைய சுருள். வயதானால் அப்படித்தான் ஆங்காங்கே நிறம் தப்பும் என்று முடிவு செய்தேன். திரையில் முகத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து, அந்தச் சிவப்பைப் புள்ளி புள்ளியாக எடுத்தேன். எடுத்தது தெரியாமல் எடுத்தேன். கன்னத்தில் எடுப்பதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. விரல் விரலாகப் பிரிந்திருந்தது.

"குடுங்க, சுத்தி வெக்கறேன்" என்றாள் மனைவி.

கொடுத்தேன். எங்கள் மகளின் சுவரில் இப்போது தொங்குகிற புதிய அச்சும் அதே கோப்பிலிருந்து வந்ததுதான். அதிலும் அந்தச் சிவப்பு இல்லை. இம்முறை மை நல்ல மை. வெயில் எவ்வளவு பட்டாலும் அது மாறாது.